கண்ணாடி அலமாரித் தட்டு

என் கணவர் ஒக்வுடிலிக்கு வாய் சும்மா இருக்காது. தெருவில் யாரைக் கண்டாலும், "வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்" என்பார். வீட்டில் என்ன இருக்கிறதென்று அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. நைஜீரியாவில் எங்கள் எனுகு நகரத்தில் எவரும் சொல்லிவிட்டு வருவதும் இல்லை. வந்தவர் வெறும் வயிற்றோடு போனால் ஊர்வாயில் விழுவது நான்தான். அதனால் என் ஃப்ரீசரில் இருக்கும் ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஐஸ்கிரீம் கிடையாது. தக்காளிக் குழம்பு, கீரைக் குழம்பு, பொரித்த மீன். எல்லாவற்றுக்கும் அடியில், என் பிள்ளைகள் தொட்டால் கை முறியும் என்று சொல்லி வைத்திருக்கும் சிவப்பு டப்பா. அதில் கோழி இரைப்பை.

இரைப்பை வீட்டின் மூத்த ஆணுக்கு உரியது. எங்களுக்கு மூத்தவர் என் கணவரின் அண்ணன் ஒனுவோரா. அந்த மனுஷன் மூன்று வருஷமாக என் வீட்டில் கை நனைக்கவில்லை. சனிக்கிழமை தோறும் வருவார், கூடத்தில் உட்கார்ந்து தம்பியோடு பேசுவார், நான் தட்டை எடுத்துவந்தால் மட்டும் "வயிறு நிறைஞ்சிருக்கும்மா" என்று எழுந்துவிடுவார். தண்ணீர்கூட வேண்டாம். மனத்தாங்கல் உள்ளவர்தான் இப்படிச் செய்வார். என்ன மனத்தாங்கல் என்று கேட்டால் சிரிப்பு. எப்போதோ கைதவறி இரைப்பையைத் தம்பி தட்டில் போட்டிருப்பேன், அதுதான் காரணம் என்று நானே முடிவுகட்டி, அன்றிலிருந்து சேர்த்துச் சேர்த்து வைக்கிறேன்.

இப்போது விஷயம் கழுத்துவரை வந்துவிட்டது. அடுத்த வாரம் என் மகள் சினெலோவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் கள்ளைப் பெரியப்பா முதலில் வாங்கிக் குடிக்க வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்காத வீட்டில் கள்ளையா குடிக்கப் போகிறார்? அவர் குடிக்காவிட்டால் கல்யாணம் இல்லை. இன்று சனிக்கிழமை, எப்படியாவது சாப்பிட வைத்துவிடுவதென்று விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றேன். டப்பாவிலிருந்த இரைப்பை முழுவதும் குழம்பாயிற்று.

மத்தியானம் வாசலில் ஏக இரைச்சல். என் கணவர் சர்ச் பாட்டுக்குழு முழுவதையும் கூட்டிவந்து நின்றார்.

"உஜு, பாவம், பாடிப் பாடித் தொண்டை காஞ்சு போயிருக்காங்க."

"தொண்டைதானே காஞ்சிருக்கு, தண்ணி குடுக்கறேன்" என்றேன் அவர் காதருகில்.

"மெதுவாப் பேசும்மா, கேட்டுடப் போகுது."

தின்றார்கள். குழம்பு போயிற்று, மீன் போயிற்று. இரைப்பைச் சட்டியை என் கணவரே எடுத்துப்போய்ப் பரிமாறியிருக்கிறார், புண்ணியவான். அவர்களை வழியனுப்ப அவரும் கூடவே கிளம்பினார். காலிச் சட்டியைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. பசி வேறு. எனாமல் கிண்ணத்தில் மரவள்ளி ரவையைக் கொட்டி, குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, சர்க்கரையும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டு அடுப்படி முக்காலியில் உட்கார்ந்தேன். விருந்தாளி கண்ணில் காட்டக்கூடாத சாப்பாடு அது.

நிமிர்ந்தால், கதவருகில் ஒனுவோரா மாமா.

"எங்கேம்மா அவன்?"

எழுந்திருக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. "ஊரைக் கூட்டிச் சோறு போட்டுட்டு, வழியனுப்பப் போயிருக்கார். உங்களுக்குன்னு வெச்சது எல்லாம் போச்சு மாமா. எப்படியும் நீங்க சாப்பிடப் போறதில்ல. இதுதான் இருக்கு."

அவர் சேனைக்கிழங்குப் பெட்டியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "கரண்டி எங்க?"

கொடுத்தேன். என் கிண்ணத்திலிருந்தே அள்ளிச் சாப்பிட்டார்.

"அவனை நான் இதைப் போட்டுத்தான் வளர்த்தேன்" என்றார் மென்றுகொண்டே. "ஒரே ரூம், ஒரே கிண்ணம். மூணு வருஷம் முன்னாடி ஒருநாள் வந்தா, என்னைக் கூடத்துல தனியா உட்கார வெச்சே. வெள்ளைத் துணி, கண்ணாடி அலமாரித் தட்டு. கதவைச் சாத்திட்டு நீங்கல்லாம் இங்க உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டீங்க. கேட்டுச்சு."

"மரியாதைக்குத்தானே மாமா செஞ்சேன்."

"மரியாதை நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ ஆபீசர் வந்த மாதிரி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று வருஷம். எத்தனை கோழி. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் தட்டைத் துடைத்துத் துடைத்து அதே தட்டில்தான் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன்.

"இதை ஒரு வார்த்தை சொன்னா என்ன? சினெலோ கல்யாணம் நின்னுடுமோன்னு நான் தூக்கமில்லாம கிடக்கிறேன்."

"நான் குடிக்காம அவ கல்யாணத்துல வேற எவன் குடிப்பான்?"

"அப்ப ஏன் மாமா சொல்லல?"

அவர் கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசித் தண்ணீரையும் குடித்தார்.

"விருந்தாளியா வந்தவன் எப்படிம்மா குறை சொல்லுவான்?"

கிண்ணத்தை வாங்கி, இன்னும் இரண்டு கை ரவையைக் கொட்டினேன்.