சூடான காற்று

எலும்பு டாக்டருக்கு வியர்த்தால் பிடிக்காது. அதனால் அவருடைய ஆபரேஷன் தியேட்டர் எப்போதும் ஐஸ் பெட்டி. நோயாளியின் போர்வைக்குள் சூடான காற்றை ஊத ஒரு மெஷின் இருந்தது. அதன் குழாயை உருவித் தங்கள் கவுனுக்குள் செருகிக்கொள்வது அங்கே எல்லோருக்கும் பழக்கம். கேட்டால் "சும்மா ரெண்டு நிமிஷம்" என்பார்கள்.

அன்று மேஜையில் இருந்தது அவருடைய மாமியார். பலவீனமான இதயம், இருந்தும் இரண்டு முழங்காலுக்கும் ஒரே நாளில் ஆபரேஷன். அவசரம் மருமகனுக்கு. மயக்க மருந்து கொடுத்தவன் அந்த அம்மாளின் சொந்த மகன்.

"குளிராம பாத்துக்கடா. எனக்கு அது ஒண்ணுதான் பயம்."

"நான் இருக்கேன்லம்மா."

அவள் நம்பித் தூங்கிப்போனாள்.

ரத்தம் கசியாமலிருக்க இரண்டு தொடையிலும் காற்றுப் பட்டையை இறுக்கினார்கள். சூடு கால்களுக்குப் போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கியது. திரையில் வெப்பநிலை மெல்ல ஏறியது.

"என்ன மச்சான், உங்கம்மா மயக்கத்துலகூட என்னைப் பாத்துக் கொதிக்கிறாங்க! சூடு காத்தை எடு."

"பட்டையை அவுத்தா கால்ல ஆறிக்கிடக்குற ரத்தம் மேல வரும் மாமா. உடம்புச் சூடு சட்டுனு இறங்கிடும்."

"அப்போ திரும்பப் போட்டுக்க."

அக்கா புருஷனிடம் தலையாட்டியே பழகியவன். குழாயை உருவினான். குளிரில் அவன் பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன, தன் கவுனுக்குள் செருகிக்கொண்டான். முதுகு முழுக்க இதமாக இருந்தது.

வேலை முடிந்தது.

"ஒவ்வொரு காலா அவுத்து விடுங்க மாமா."

"ரெண்டையும் விடுங்க சிஸ்டர். இவன் பேச்சைக் கேட்டா விடிஞ்சிடும்."

வெப்பநிலை மளமளவென்று இறங்கியது. மகன் போர்வையை இழுத்துவிட்டான். மெஷினைப் பார்த்தான், ஓடிக்கொண்டிருந்தது. காற்று அம்மாவுக்குத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டு மருந்தைத் தேடினான். குளிர் உறைத்திருந்தால் ஞாபகம் வந்திருக்கும். அவனுக்குத்தான் குளிரவில்லையே, பாவி!

அம்மாவின் இதயம் தடுமாறி நின்றது. அவன் பாய்ந்து மார்பை அழுத்தினான். குனிந்த வேகத்தில் கவுனிலிருந்து குழாய் நழுவி, அம்மாவின் முகத்தருகே விழுந்து ஊதிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

"அழுத்துனது போதும் மச்சான்" என்று கடைசியில் எலும்பு டாக்டர் கையுறையைக் கழற்றினார். "இந்தக் குழாய் விஷயம் உங்கக்காவுக்குத் தெரிய வேணாம். பட்டை விஷயமும்தான்."

அக்காவை உள்ளே விட்டார்கள். அம்மாவின் கையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, அவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"அம்மா கை ஜில்லுனு கிடக்குடா. உன் கை மட்டும் ஏன்டா இவ்வளவு சூடா இருக்கு?"