பாயிண்ட் மூணு

மைசூர் தொழிற்பேட்டையில் நாற்பது டன் எஃகுத் துண்டு ஒன்று, ஒரு வியாழக்கிழமை மாலை மூன்றே முக்கால் மணிக்கு, பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுகிற பயணியைப் போலத் தன் விளிம்பை உள்ளே இழுத்துக்கொண்டது.

சூரியனுக்குள் நடப்பதுபோல அணுக்களை இணைத்து மின்சாரம் எடுக்கப்போகும் உலையின் சுவர்ப் பாகம் அது. இரண்டு வருடம் வெட்டி, பற்றவைத்து, கடைந்தும் ஒரு விளிம்பு மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு பிதுங்கி நின்றது. அளவு பார்க்கும் ஹனூர்க்காரர் மகேந்திரன் கையெழுத்துப் போட மறுத்தார். ஆயுளில் ஒரு போல்ட்டைக்கூட முடுக்கியறியாத மேலாளர் பசவராஜ் நேரில் வந்தார்.

“ஏனப்பா மகேந்திரா, பாயிண்ட் மூணுதானே? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடு, கொஞ்சம் அனுசரிச்சுக்கோ.”

“அளவை எப்படிங்க சார் அட்ஜஸ்ட் பண்றது? கசிஞ்சா உலையே நின்னுருமுங்க.”

“அது கசியறப்ப நீயும் நானும் ரிட்டயர்டு. போடப்பா. இல்லைன்னா ஹனூர் பஸ்ல உனக்கு சீட் புக் பண்ணிர்றேன்.”

மகேந்திரன் பேனாவைத் தொடவில்லை. வெட்கப்பட்டது எஃகுதான். லேசர் கருவி சரியான அளவைக் காட்டியது.

நிர்வாகம் இதைத் தன் கண்டுபிடிப்பாக அறிவித்து, பசவராஜுக்குச் சால்வையும் மைசூர்ப் பேட்டா தலைப்பாகையும் அணிவித்தது. பிறகு டை கட்டிய ஒவ்வொருவரும் எஃகின் முன் வரிசையில் நின்றார்கள். லாரி ஏற்பாடு பார்த்தவர் குட்டையாகும்படி சொன்னார், குட்டையானது. போட்டோக்காரர் நிமிரச் சொன்னார், நிமிர்ந்தது. இயக்குநருக்கு வளைவு பிடிக்கவில்லை, வளைவே போனது. ஆறே மாதத்தில் அது ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிட்டது: எல்லோருக்கும் சம்மதம், எதற்கும் உதவாது.

அனுப்பும் நாளில் பசவராஜ் தாளை நீட்டினார். “போடறியா, பஸ் ஏறறியா?”

மகேந்திரன் அதுவரை பசவராஜுக்கு வைத்திருந்த ‘ங்க’வைப் பிடுங்கி எஃகுக்குக் கொடுத்தார். “போதுமுங்க. இனி எவனுக்கும் அட்ஜஸ்ட் ஆகாதீங்க. வரைபடத்துல இருக்கற மாதிரி நில்லுங்க.”

எஃகு பெருமூச்சு விட்டு நின்றது. அளந்தார், மயிரிழை பிசகில்லை. கையெழுத்துப் போட்டார். பாகம் கப்பலேறியது, மகேந்திரன் வேலையில் நீடித்தார்.

சொல் கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது போலும். அன்றிலிருந்து எந்த இரும்பும் பசவராஜுக்கு அட்ஜஸ்ட் ஆவதில்லை. கார் சீட் பின்னால் நகராது. முழங்கால் தாடையில் இடிக்க விஜயநகர் வீட்டிலிருந்து தினமும் ஓட்டி வருகிறார். கம்பெனி வாசலின் இரும்புக் கேட்கூட அவருக்குப் பாதிதான் திறக்கும். வாட்ச்மேன் வண்டியை வெளியே ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, முறைப்படி சல்யூட் வைக்கிறார்.