வெள்ளம் பற்றி ஐந்து வாக்கியங்கள்

"ஃப்ளட்ஸ் ஆர் காஸ்ட் பை ஹெவி ரெயின்" என்று ஆங்கில டீச்சர் கரும்பலகையில் எழுதி முடித்ததும் ஆறாம் வகுப்பு அதை ராகம் போட்டுப் படித்தது. கனமழையால் வெள்ளம் உண்டாகிறது. படித்த கையோடு எல்லாத் தலைகளும் நோட்டில் கவிழ்ந்தன. பாடப்புத்தகத்தில் அந்தப் பாடத்துக்கு ஒரு படம் போட்டிருந்தார்கள். படகில் ஒரு பையன் குடை பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். வரைந்தவருக்கு வெள்ளம் என்பது ஏதோ சுற்றுலா போலிருக்கிறது. இங்கே வகுப்பறைச் சுவரில், டீச்சரின் தலைக்கு மேலே, தண்ணீர் நின்ற கோடு புதுச் சுண்ணாம்பையும் மீறிப் பழுப்பாகத் தெரிந்தது. அலமாரிக் கதவு ஊறிப் பெருத்து, இன்றுவரை மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது. இதற்கு நடுவில் உட்கார்ந்துதான் பிள்ளைகள், இயற்கையின் சீற்றத்தை நாம் துணிவோடு எதிர்கொள்ள வேண்டும் என்று பிழையில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரத்துக்கு முன்பு பேரிடர் விழிப்புணர்வு நாள் கொண்டாடச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஆறாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் இயற்கைப் பேரிடர் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுத வேண்டும், அதை வராந்தாச் சுவரில் ஒட்ட வேண்டும், சிறப்பு விருந்தினர் வந்து பார்வையிடுவார். விருந்தினர் யார் என்று தலைமையாசிரியை ஆசிரியர் அறைக்கு வந்து சொன்னார். நீர்த்தேக்கத்தின் தலைமைப் பொறியாளர்.

போன வருஷம் அந்த ஊருக்குள் வெள்ளம் வந்தபோது மழை இல்லை. மழை விட்டு, ஜனங்கள் துணி துவைத்துக் கொடியில் காயப்போட்ட பிறகு வந்த வெள்ளம் அது. மேலே நீர்த்தேக்கத்தை விளிம்புவரை நிரப்பி வைத்திருந்துவிட்டு, கரை தாங்காது என்ற பயம் வந்ததும் எல்லா மதகுகளையும் ஒரே மூச்சில் திறந்துவிட்டார்கள். சங்கு ஊதவில்லை. ஒலிபெருக்கி வண்டி வரவில்லை. விடிவதற்குள் தெருக்கள் ஆறாகிவிட்டன. பிறகு விசாரணை நடந்தது, அறிக்கை வந்தது. உபரி நீர் திறந்துவிடப்பட்டது, உயிரிழப்புகள் ஏற்பட்டன என்று அதில் இருந்தது. திறந்தது யார் என்பதற்கு அந்த அறிக்கையில் ஒரு எழுவாய்கூட இல்லை.

மணி அடித்ததும் தாள்களை வாங்கிக்கொண்டு டீச்சர் ஆசிரியர் அறைக்கு வந்து திருத்த உட்கார்ந்தாள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. கனமழை, சீற்றம், துணிவு. சிவப்புப் பேனா தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோவின் தாளில் வந்து நின்றது.

ரேடியோ என்பது அந்தச் சிறுமிக்கு அவள் அண்ணன் வைத்த பெயர். ஓயாமல் பேசுவாள். அண்ணன்காரனும் இதே பள்ளிக்கூடம்தான், இரண்டு வகுப்பு மேலே. டீச்சரிடம்தான் ஆங்கிலம் படித்தான். 'பிகாஸ்' என்ற வார்த்தையை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக எழுதுவான். "ஒரு தடவையாவது பழைய தப்பையே பண்ணுடா" என்று டீச்சர் அவனைக் கேலி செய்வாள். அப்பா தையல்காரர். கீழே கடை, மேலே வீடு. தண்ணீர் வந்த அன்று தையல் மெஷினைத் தூக்கி வரலாம் என்று இறங்கிய அண்ணன் திரும்பப் படியேறவில்லை.

தாளில் பென்சிலால், கோணலும் மாணலுமாக ஐந்து வாக்கியங்கள் இருந்தன. மழை நின்றது. ஆட்கள் மதகு திறந்தார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என் அண்ணன் மெஷினுக்காகக் கீழே போனான். இது இயற்கை இல்லை.

டீச்சர் பேனாவை மூடி வைத்தாள். அழுகை வருகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அது கோபம்தான். கரும்பலகையில் தன் கையால் எழுதிய அந்த வாக்கியத்தின்மேல், குடை பிடித்துச் சிரித்த பையன்மேல், எல்லாவற்றின்மேலும்.

தோளுக்குப் பின்னால் நின்று தலைமையாசிரியையும் அதைப் படித்துவிட்டிருந்தார்.

"இதை ஒட்ட முடியாது."

"ஏன் மேடம்?"

"தலைப்பு இயற்கைப் பேரிடர். இதுல இயற்கை எங்கம்மா இருக்கு?"

"அதைத்தான் அவளும் எழுதியிருக்கா."

தலைமையாசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கெட்ட மனுஷி இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு பள்ளிக்கூடத்தைத் திரும்பத் திறக்க நாயாய்ப் பேயாய் அலைந்தவர். "நானும் இங்கிலீஷ் டீச்சரா இருந்தவதான். செயப்பாட்டு வினைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? இந்த மாதிரி நேரத்துக்குத்தான். மதகுகள் திறக்கப்பட்டனன்னு மாத்திக் குடு. யார் மனசும் நோகாது. புதுக் கட்டடத்துக்கு அவர் கையெழுத்து வேணும், தெரியுமில்ல? உன் ஒப்பந்தமும் அடுத்த மாசம் முடியுது. நீட்டிக்கச் சொல்லி நான்தான் எழுதி அனுப்பணும்."

"யார் மனசும் நோகாதா?" என்று டீச்சர் கேட்டாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அந்தப் புள்ள மனசு?"

"நாளைக்குள்ள திருத்திடு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் டீச்சர் தையல் கடையில் நின்றாள். கடையில் புது மெஷின் இருந்தது. தையல்காரர் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் நிமிராமலே கேட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்க. நான் ஒட்டல."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நான் போடாத மனு இல்ல டீச்சர். எல்லாத்துக்கும் 'பரிசீலிக்கப்படும்'னு ஒரே பதில். யாரு பரிசீலிப்பாங்கன்னு கேட்டா அதுக்கும் அதே பதில். அவளாவது எழுதட்டும். ஆனா தப்பில்லாம எழுதச் சொல்லுங்க. அதைக் காட்டி நாலு பேர் சிரிக்கக் கூடாது."

மறுநாள் இடைவேளையில் டீச்சர் ரேடியோவைத் தன் மேசைக்குக் கூப்பிட்டாள்.

"தப்பா எழுதிட்டேனா டீச்சர்?"

"ஒரு இடத்துலதான் தப்பு. 'மென் ஓபன்ட் கேட்ஸ்'ல, 'மென்'னுக்கு முன்னாடி 'தி' போடணும்."

"போட்டா என்ன ஆகும்?"

டீச்சர் யோசித்தாள். எத்தனையோ வருஷமாக இதை விதியாக மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். "போடலேன்னா யாரோ சில ஆட்கள்னு ஆயிடும். போட்டா அந்த ஆட்கள். யாருன்னு நமக்குத் தெரியும்னு அர்த்தம்."

ரேடியோ தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்ப கண்டிப்பா போடணும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தில் மூன்று எழுத்துகளை அழுத்தி எழுதினாள். பென்சில் முனை ஒடிந்தது. சீவிக்கொண்டு வந்து, 'கேட்ஸ்'ஸுக்கு முன்னாலும் கேட்காமலே ஒன்று போட்டாள்.

மேசையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. "டீச்சர், என்னோடதைத் திருப்பித் தாங்க, மாத்தணும்" என்றான் முன்பெஞ்சுக் குண்டன். "எங்க மாமா அன்னிக்கு ராத்திரி டேம் ஆபீசுக்கு போன் பண்ணினாரு, ஒண்ணுமில்ல போய்த் தூங்குங்கன்னு சொன்னாங்க. அதை எழுதலாமா?" "எழுது." "சங்குக்கு இங்கிலீஷ்ல என்ன டீச்சர்?" "சைரன்." "சைரன் ஊதலேன்னு எப்படி எழுதறது?" டீச்சர் கரும்பலகையில் இருந்த கனமழையை அழித்துவிட்டு, யார் எந்த வார்த்தை கேட்டாலும் அதை எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தாள். பிழைகளை மட்டும்தான் திருத்தினாள். அந்த வகுப்பு அவ்வளவு அமைதியாக எழுதி அவள் பார்த்ததில்லை.

நிகழ்ச்சி நடக்கிற அன்று காலையில் சீக்கிரமே வந்து, பசை காய்ச்சி, தாள்களை அவளே வராந்தாவில் ஒட்டினாள். கடைசித் தாளை ஒட்டும்போது தலைமையாசிரியை வந்துவிட்டார். முதல் இரண்டைப் படிப்பதற்குள் அவர் முகம் வெளுத்தது.

"திருத்தச் சொன்னேனா இல்லையா?"

"திருத்திட்டேன் மேடம். ஒரு இலக்கணப் பிழை கிடையாது, பாருங்க."

"விளையாடறியா? எடு எல்லாத்தையும்!"

"நீங்க எடுங்க." டீச்சர் பசைக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "ஒவ்வொண்ணா நீங்களே கிழிங்க. யார் கிழிச்சாங்கன்னு இந்தப் புள்ளைங்க பார்க்கட்டும். பார்த்ததை எழுதுவாங்க, நான் சொல்லிக்கொடுத்திருக்கேன். கிழிக்கப்பட்டதுன்னு எழுதமாட்டாங்க."

தலைமையாசிரியை ஒரு தாளின் ஓரத்தில் நகத்தை வைத்தார். பிள்ளைகள் வகுப்பு வாசலில் வந்து நின்றிருந்தார்கள். அவர் விரல் அப்படியே நின்றது. வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பொறியாளர் கசங்காத வெள்ளைச் சட்டையில், கழுத்தில் மாலையோடு வராந்தாவுக்குள் வந்தார். "ஓ, வெரி குட், எல்லாம் இங்கிலீஷா?" என்று சிரித்துக்கொண்டே கண்ணாடியை மாட்டினார். முதல் தாளில் சிரித்தார். இரண்டாவதில் சிரிப்பு முகத்தில் இருந்தது, கண்ணில் இல்லை. பின்னால் வந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சார், டீ ஆறுது" என்றார் தலைமையாசிரியை. பொறியாளர் நகரவில்லை.

ரேடியோவின் தாளுக்கு முன்னால் வந்ததும் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பசை இன்னும் காயவில்லை. வராந்தா முனையிலிருந்து அடித்த காற்றில் தாளின் மூலை பிரிந்து, எழுத்துகளின்மேல் மடங்கி விழுந்தது. டீச்சர் கை நீட்டுவதற்குள் ரேடியோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அவருடைய முழங்கைக்குக் கீழே புகுந்து, மூலையை நிமிர்த்தி, உள்ளங்கையை விரித்துச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே தலையைத் திருப்பி, படிக்கப் படிக்க அவர் உதடுகள் அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.