எதில் தொண்ணூறு?

ஊரில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. பல வருஷம் வானொலியில் காலை வேளைகளில் அறிவியல் கேள்விகளுக்குப் பதில் சொன்னவள் என்பதால் எல்லோருக்கும் அவள் ரேடியோ அக்கா. அந்த நிகழ்ச்சியை நிறுத்திய பிறகு வீட்டில் சும்மா இருந்தவளை நகராட்சித் தலைவர் கூப்பிட்டு ஒரு வேலையைத் தலையில் கட்டினார். முடியாது என்று அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

வேலை இதுதான். ஊர்க்கோடியில் இருக்கும் சிமென்ட் ஆலை, தன் புகைபோக்கியில் ஒரு பெரிய இயந்திரத்தைப் பொருத்த அனுமதி கேட்டிருந்தது. பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவை அது புகையிலிருந்து பிரித்தெடுக்கும். குழாய் வழியாகக் கொண்டுபோய் நிலத்துக்கு அடியில் ஆழத்தில் அடைத்துவிடுவார்கள். இது தேவையா என்று ஜனங்களையே கேட்போம் என்று முடிவெடுத்த நகராட்சி, குலுக்கல் போட்டு இருபது பேரைப் பொறுக்கியது. சனிக்கிழமைதோறும் அவர்களைக் கூட்டி, விஷயம் தெரிந்தவர்களை வரவழைத்து, அவர்களாகவே ஒரு முடிவுக்கு வர அவள் உதவ வேண்டும். தன் சொந்தக் கருத்தைப் பற்றி மட்டும் மூச்சுவிடக் கூடாது.

முதல் சனிக்கிழமை ஆலையின் என்ஜினியர் வந்தார். நகராட்சி மாடியறையில் ஜன்னல்களை மூடிவிட்டுப் படம் போட்டார். கறுப்புப் புகை இயந்திரத்துக்குள் நுழைந்தது, வெள்ளையாக வெளியே வந்தது, நீல அம்புக்குறிகள் சமர்த்தாக மண்ணுக்குள் இறங்கின. தொண்ணூறு சதவீதம் பிடித்துவிடும் என்றார். இருபது பேரும் வாய் பிளந்து பார்த்தார்கள். படம் முடிந்து கீழே இறங்கினால், வாசலில் ஒருவர் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார். குழாய் வெடித்தால் தூக்கத்திலேயே ஊர் மொத்தமும் போய்ச் சேரும் என்று அதில் இருந்தது. அதையும் இருபது பேரும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விஞ்ஞானியை அழைத்திருந்தாள். நல்ல மனுஷர், நேர்மையானவர். ஆனால் வெண்டைக்காய் போல வழவழவென்று பேசினார். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, வாயு கசியுமா கசியாதா என்று கேட்டாள். அது பல விஷயங்களைப் பொறுத்தது என்றார். இயந்திரத்தால் பிரயோஜனம் உண்டா என்று பஸ் டிரைவர் கேட்டார். அதுவும் பல விஷயங்களைப் பொறுத்ததுதான். மூன்றாவது முறை அதே பதில் வந்ததும் டிரைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய் வராந்தாவில் நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்தால் அங்கே கொழுந்தன். கணவனின் தம்பி, கல்யாணம் ஆகாதவன், இவர்களோடுதான் இருக்கிறான், அந்த ஆலையிலேயே சூளைப் பிரிவில் வேலை. இயந்திரம் வராவிட்டால் ஆலையையே மூடிவிடுவார்கள் என்று அங்கே பேச்சு. சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"அண்ணி, ஒரே வார்த்தை. நல்லதா, கெட்டதா?"

அப்படி ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமில்லை என்றாள். மற்றவர்களுக்குச் சொல்லாவிட்டால் போகட்டும், வீட்டு ஆளுக்குமா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அந்த வாரம் முழுக்க அவளோடு சரியாகப் பேசவில்லை. கணவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தட்டில் கண்ணை வைத்துக்கொண்டான்.

மூன்றாவது சனிக்கிழமை அவள் படத்தையும் பிரசங்கத்தையும் ஓரம் கட்டினாள். என்ஜினியரையும் விஞ்ஞானியையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, வானொலியில் கேட்பதுபோல் தானே கேட்க ஆரம்பித்தாள். தொண்ணூறு என்கிறீர்களே, எதில் தொண்ணூறு?

என்ஜினியர் கொஞ்சம் மென்று விழுங்கினார். இயந்திரத்துக்குள் போகிற வாயுவில் என்றார். புகை முழுவதும் உள்ளே போகுமா? போகாது, ஒரு பகுதி நேரே மேலே போய்விடும். இயந்திரத்துக்கு வேண்டிய சூடு எங்கிருந்து வரும்? தனியாக ஒரு கொதிகலன். அதன் புகை? அது இந்தக் கணக்கில் இல்லை. வேறு இடங்களில் இதே மாதிரி இயந்திரங்கள் ஓடினவா? ஓடின, ஆனால் பழுதுக்காக அடிக்கடி நின்றன. எல்லாவற்றையும் கழித்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டாள். அவர் பேப்பரில் கிறுக்கிப் பார்த்துவிட்டு, பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம் என்றார். மறைக்க நினைத்தவர் போல் இல்லை. இப்படி யாரும் கேட்டதில்லை என்று அவரே சொன்னார்.

உடனே அவள் விஞ்ஞானி பக்கம் திரும்பினாள். இந்த இயந்திரமே வேண்டாம், எரிபொருளை மாற்றிக்கொள்ளலாமே? முதல்முறையாக அவர் நேராகப் பதில் சொன்னார். மாற்றினாலும் பாதிக்கு மேல் வாயு வந்துகொண்டுதான் இருக்கும். ஏனென்றால் அது எரிபொருளிலிருந்து வருவதில்லை, சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. அதனால் பாதியைப் பிடித்தாலும் அது சின்ன விஷயமில்லை.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இரண்டு உண்மையும் மேஜைமேல் வந்துவிட்டன. இனி இவர்கள் பாடு என்று நினைத்தாள். டீ குடிக்கும் நேரத்தில் அந்த நிம்மதி போயிற்று. ஒரு கூட்டம், எல்லாம் ஏமாற்று வேலை என்றது. இன்னொரு கூட்டம், விஞ்ஞானியே சரி என்றுவிட்டார் என்றது. ஆளுக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொண்டு மறு பாதியைக் காற்றில் விட்டுவிட்டார்கள். டிரைவர் டீ கிளாஸோடு அவள் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, எதுக்கு வீணா சுத்தி வளைக்கணும். நீங்க சொல்லுங்க, நாங்க கை தூக்கிடறோம்."

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"இன்னைக்கு நான் சொன்னா தூக்குவீங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து சொன்னா இறக்குவீங்க. அதுக்கு நீங்க எதுக்கு, நான் எதுக்கு? என் குரலை நம்பாதீங்க. அவங்க சொன்னதை எடுத்து உரசிப் பாருங்க."

அறை முழுக்கக் கேட்டுவிட்டது. பிள்ளைகளை அதட்டுவதுபோல் அதட்டிவிட்டோமே என்று கூசிப்போய்க் கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி நின்றாள். டிரைவர் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். போகவில்லை. அதுவே பெரிய காரியமாக இருந்தது.

கடைசி சனிக்கிழமை பொழுது சாயும்வரை முட்டி மோதினார்கள். கடைசியில் வாக்கியத்தைக் கட்டியது நர்ஸும் டிரைவரும்தான். இயந்திரம் வரட்டும், ஆனால் புகைபோக்கியின் உச்சியில் மொத்தப் புகையையும் அளக்க வேண்டும், அளப்பவர்கள் ஆலைக்குச் சம்பந்தமில்லாதவர்களாக இருக்க வேண்டும், மாதாமாதம் ஊருக்குச் சொல்ல வேண்டும், அளக்காவிட்டால் அனுமதி ரத்து. இருபதில் பதினேழு கைகள் உயர்ந்தன. அவள் அன்று ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் பத்திரிகை வந்தது. 'சிமென்ட் ஆலை இயந்திரத்துக்கு மக்கள் பச்சைக்கொடி.' உள்ளே 'ஆனால்' என்ற சொல்லே இல்லை. கொழுந்தன் வாயெல்லாம் பல்லாகப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினான். அவள் உடனே பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டாள். தலைப்பில் அவ்வளவுதான் இடம் என்றார் அவர். மதியத்துக்குள் துண்டறிக்கைக்காரர் சுவரெல்லாம் ஒட்டிவிட்டார்: இருபது பேர் ஊரை விற்றுவிட்டார்கள்.

திங்கட்கிழமை அவளும் இன்னும் எட்டுப் பேரும் தலைவர் அறை வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அவர் இல்லை, வருவார், இதோ வருகிறார் என்று காக்கவைத்தார்கள். ஷிஃப்டுக்கு நேரமாகி டிரைவர் கிளம்பிப் போனார். ஷிஃப்ட் முடிந்த நர்ஸ் வந்து அவர் இடத்தில் உட்கார்ந்தாள். ஒருவழியாக வந்த தலைவர், எல்லோரையும் கும்பிட்டு, உங்கள் யோசனை பொன்னான யோசனை, உத்தரவில் சேர்த்தாகிவிட்டது என்று நகலை நீட்டினார். சேர்த்துத்தான் இருந்தது. 'முடிந்தவரை அளந்து அறிவிக்கப்படும்.' அளப்பது யார் என்று இல்லை. ரத்து என்ற பேச்சே இல்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். கொழுந்தன் அவள் கையிலிருந்த நகலை வாங்கிப் படித்தான். இரண்டாம் முறை படித்தபோது அவன் முகம் மாறியது.

"அண்ணி, 'முடிந்தவரை'ன்னா எங்க ஆலையில என்ன அர்த்தம் தெரியுமா? கிடையாதுன்னு அர்த்தம். கையுறை மாத்திக் கொடுப்போம்னு சொன்னதும் முடிந்தவரைதான்."

"அதைத்தான் நாலு வாரமா கத்திக்கிட்டு இருக்கேன்."

"எங்கிட்ட எங்க கத்துனீங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. நல்லதா கெட்டதா என்று இவன் கேட்டபோதெல்லாம் அவள் வாயை மூடிக்கொண்டதுதான் மிச்சம். எதில் தொண்ணூறு என்று இவனிடம் சொல்லவே இல்லை. ஆலைக்காரன், இவனுக்கு வேலைதான் பெரிது என்று அவளே ஒரு முடிவு கட்டி வைத்திருந்தாள்.

அலுப்பில் குரல் எழும்பவில்லை. இருந்தாலும் பேப்பரின் பின்பக்கம் புகைபோக்கி ஒன்றை வரைந்து, இயந்திரத்தை வரைந்து, எந்தப் புகை எங்கே தப்புகிறது என்று காட்ட ஆரம்பித்தாள். பாதியிலேயே அவன் மறித்தான். உச்சிக்குப் போக ஏணி உண்டு, அளக்கிற ஆளை யார் ஏறவிடுவது என்பதுதான் சிக்கல், தொழிற்சங்கத்தில் பேசிப் பார்க்கவா என்று கேட்டான்.

பேசு என்றாள். அவர்களும் தலைப்பை மட்டும்தான் கேட்பார்கள் என்று சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டு, மீதிப் படத்தை வரைந்தாள்.