வெளியேற மறுக்கும் மக்கள்

யோகராஜ் மலையகத்துத் தெல்தோட்டைக்குப் பத்திரிகை நிருபர். ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அவனுக்குத்தான் தெரியும். ஆனால் அவன் செய்திகளில் வாய் திறப்பதெல்லாம் அதிகாரிகள் மட்டுமே. அதிகாரி பெயர் இல்லாத செய்தியைக் கொழும்பு ஆசிரியர் பீடம் திரும்பியும் பார்க்காது. அண்மையில் இன்னொன்றும் கற்றிருந்தான்: 'காலநிலை மாற்றம்' என்று தொடங்கினால் முதல் பக்கம்.

அடைமழையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மலை சரியும்படி மண் வெடித்தபோது போய்ப் பார்த்தான். கைக்குழந்தையோடு நின்ற சஞ்சீவனி அவனை விடவில்லை.

"போறதுக்கு ஒரு எடம் குடுக்கச் சொல்லுங்கண்ணே, இன்னைக்கே போயிர்றோம். என் பேரையும் போடுங்க, எனக்கென்ன பயம்?"

படம் எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல பிரதேச செயலக அதிகாரிக்குப் போன் போட்டான். அவர் காலநிலை மாற்றத்தைப் பற்றி வெளுத்து வாங்கிவிட்டு, எவ்வளவு எச்சரித்தும் சனங்கள் நகர்வதில்லை என்று முடித்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரும் தன் பங்குக்குப் பேசினார். சஞ்சீவனியின் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று; முகத்துக்கு மட்டும் இருந்தது. படத்தின் கீழே, 'எச்சரிக்கையை மீறி வெளியேற மறுக்கும் தோட்ட மக்கள்' என்று யோகராஜ் எழுதினான். பழக்கதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல பழக்கம்!

செய்தி முதல் பக்கத்தில் வந்தது. சஞ்சீவனியும் அவன் வாசலுக்கு வந்தாள். பாடசாலை மண்டபத்தில் தங்கவைக்கும் குடும்பங்களில் அவர்கள் லயத்தைச் சேர்க்கவில்லையாம்.

"மாட்டேன்னவங்களுக்கு எதுக்கு எடம்னு பேப்பரக் காட்டுறாங்கண்ணே. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

போகாமல் இருக்க முடியவில்லை. அதிகாரி அவனைக் கண்டதும் சிரித்தபடி கதிரை போட்டார். குழந்தையோடு நின்றவளுக்குக் கதிரை இல்லை.

"நல்ல செய்தி. அதில ஏதும் பிழையா?" என்று கேட்டார்.

நாளைக்கு இந்த மனிதர் போனை எடுக்காவிட்டால் யோகராஜின் பிழைப்பு என்னாவது? வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியும் வாயில் வந்தது இதுதான்: "படத்துக்குக் கீழ இருக்கிறதக் கொழும்பில போட்டுட்டாங்க சேர்."

"அப்ப கொழும்பில இருந்தே திருத்தம் வரட்டும். பிறகு பார்ப்போம்."

சஞ்சீவனி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"அண்ணன் மேல தப்பில்லீங்க சேர். நான் சொன்னத அப்படியேதான் எழுதியிருப்பாரு."

அவள் புறப்பட்டுவிட்டாள். யோகராஜ் கதிரையிலேயே இருந்தான். எழுந்தால் வழியெல்லாம் அவளோடு பேசிக்கொண்டு போகவேண்டும்.