மஞ்சள் துணி தொங்கிய சாளரம்

கீழ்வானம் வெளுத்து, மாடி வீடுகளின் நெடுஞ்சுவர்களில் முதல் ஒளி படிந்திறங்கும் வேளையில், அப்பெருநகரின் குறுந்தெரு ஒன்றில் சாளரந்தோறும் மஞ்சள் துணிகள் ஒவ்வொன்றாய் வெளிவருவதைக் காண்பீர். தனித்து வாழ்வோர் விடிந்ததும் துணியைத் தொங்கவிட்டு, பொழுது சாய்ந்ததும் எடுத்துவிட வேண்டும் என்பது அத்தெருவின் துணைநல மன்றம் வகுத்த ஏற்பாடு. துணி தெரிந்தால் ஆள் நலம். தெரியாவிடில் தொண்டர் படியேறுவர்.

அவற்றைத் தைத்தளித்தவளும், விடியல்தோறும் அண்ணாந்து பார்த்துச் செல்பவளும் தையற்காரி ஒருத்தியே. மூன்றாம் மாடியில் கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் தனித்திருந்தார். தம் சட்டையைவிடத் துணி பெரிதாயிருக்கிறதென்று அவளைச் சீண்டுவார். ஐயோ, அந்த மறதிக்காரர் ஒரு மாலை துணியை எடுக்க மறந்தார். அன்றிரவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மறுநாளும், அதற்கு மறுநாளும் துணி அங்கேயே அசைந்தது. அவளும் கண்டு மனங்குளிர்ந்து நடந்தாள். இரவில் உள்ளே இருந்திருக்க வேண்டிய துணி, இரவெல்லாம் பெய்த மழையில் சொட்டச் சொட்ட நனைந்திருந்ததைக் கண்ட காலையில்தான் அவள் நெஞ்சு சுருக்கென்றது. ஓடினாள். விழுந்தபின்னும் ஒரு பகல் முழுதும் அவர் உயிரோடு கிடந்திருப்பார் என்றார் மருத்துவர்.

அன்றுமுதல் அந்தக் காலி வீட்டின் சாளரத்தில் மஞ்சள் அசைவதாகவே அவளுக்குத் தோன்றும். கண்ணைக் கசக்கிப் பார்த்தால் ஒன்றுமிராது. இத்தொண்டு வேலையையே விட்டுவிடுவதாக அவள் சொன்னபோது, முன்னாள் செவிலியான மன்றத் தலைவி அவளை உற்றுப் பார்த்தாள்.

"நீ போயிட்டா, அடுத்து வர்றவங்களும் துணியைத்தான் பார்ப்பாங்க. கதவைத் தட்டணும்னு உனக்குத்தான் தெரியும்."

தட்டினாள். முழங்கால் நோக மாடி மாடியாய் ஏறித் தட்டினாள். தூக்கம் கலைந்தவர்கள் சலித்துக்கொண்டனர். ஆயினும் "இருக்கேன்" என்னும் குரல் கேளாமல் அவள் நகர்வதில்லை. மூன்றாம் மாடியை மட்டும் தலைகுனிந்து கடப்பாள். ஒருநாள் அவளறியாமலே கை எழுந்து, பூட்டிய அக்கதவைத் தட்டிவிட்டது. தட்டியபின் விலக மாட்டாமல், வராத குரலுக்காக மூச்சடக்கி நின்றாள்.

எதிர்க்கதவு திறந்தது. மன்றத்தின் பக்கமே எட்டிப்பாராத, எவரோடும் முகங்கொடுத்துப் பேசாத அவ்வீட்டு அம்மாள் வெளியே வந்து, பூட்டைப் பார்த்தாள். பின் தையற்காரியின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் இருக்கேன்மா" என்றாள். "நாளைக்கும் வந்து தட்டு."

தையற்காரி தலையசைத்தாள். இன்றும் அவள் பூட்டிய கதவின்முன் சற்றே நின்ற பின்னரே எதிர்க்கதவைத் தட்டுகிறாள். கேட்டிருக்க வேண்டிய குரலை ஒருமுறை கேளாது போன செவிக்கு, அதன்பின் எத்தனை குரல் கேட்டாலும் போதுவதில்லை.