எர்மினியாவின் குப்பி

1.

இந்தக் கதை ஒரு கண்ணாடிக் குப்பியிலிருந்து வந்தது, கண்ணுகளா. எங்கள் லூக்கே ஊரில் ஒரு வீட்டு ஜன்னலில், பித்தப்பையிலிருந்து எடுத்த கற்களைக் குப்பியில் போட்டு வைத்திருந்தார்கள். அதை ஆசையோடு வெறித்துக்கொண்டிருந்த ஒருத்தியையும் பார்த்தேன்.

தெயோலிந்தா அதிகாலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு—

வேண்டாம். வயிற்றுவலிக் கதையெல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

2.

மாமரத்தடியில் அக்கம்பக்கத்தார் வட்டமாக உட்கார்ந்திருக்க, தெரெரே கைமாறிச் சுற்றுகிறது. பனிக்கட்டித் தண்ணீரில் மூலிகை. ஒரே கோப்பை, எல்லா வாய்க்கும் ஒரே உறிஞ்சுகுழல். ஊற்றிக் கொடுப்பவள் எர்மினியா, அந்த ஜன்னல் குப்பிக்குச் சொந்தக்காரி, தெயோலிந்தாவின் மகனுக்கு ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவருக்கொருவர் 'கொமாத்ரே'. தெயோலிந்தாவுக்குப் புனித வாரத்திலிருந்து வயிறு உப்புகிறது, எரிகிறது. குழாய் விட்டுச் சோதனைக்குச் சதை எடுத்திருக்கிறார்கள். முடிவு வரவில்லை.

"கோவிச்சுக்காதீங்க, கொமாத்ரே," என்றாள் எர்மினியா. " என்ன நோயின்னு பேர் தெரியுற வரைக்கும் தனிக் கோப்பையில குடிங்களேன்."

"உங்க கல்லு மட்டும் ஒட்டாதாக்கும்?"

"கல்லு எப்படிங்க ஒட்டும்? அதுக்குப் பேர் இருக்கு, குப்பி இருக்கு!"

வட்டமே சிரித்தது.

[எர்மினியாவைக் கெட்டவளாக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் பயப்படுகிறாள், அவ்வளவுதான்.]

3.

தெயோலிந்தாவுக்கு வயிற்றைவிட நெஞ்சுதான் அதிகம் எரிந்தது. எர்மினியாவின் கல்லுக்கு ஊரார் நவநாள் ஜெபம் சொன்னார்கள். சீஸ் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தார்கள். 'இன்னும் தெரியலை' என்பதற்கு யார் ரொட்டி சுடுவார்கள்? கடவுளே, எனக்கும் ஒரு கல்லைக் கொடு என்று வேண்டிக்கொண்டாள். கொடுக்கவில்லை. மறுநாள் அவளே எடுத்துக்கொண்டாள்.

"டாக்டர் சொல்லிட்டார். எனக்கும் கல்லுதான்."

"அப்படியா! எவ்ளோ பெரிசு?" என்றாள் எர்மினியா.

"உங்களதைவிடப் பெரிசு."

எர்மினியாவின் முகம் சுண்டிப்போனது. (பொறாமை ஒரு வீட்டோடு நிற்பதில்லை.) ஆனாலும் கோப்பையை நிரப்பி நீட்டினாள். தெயோலிந்தா குழலை உதட்டருகே கொண்டுபோனாள். மடியில் கிடந்த போன் அடித்தது. திரையில் ஆஸ்பத்திரியின் பெயர்.

4.

இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் நிஜமாகவே கல். நம்ப மாட்டீர்கள். இரண்டாவதில், எச்சிலில் பரவும் ஏதோ ஒரு கிருமி. மூன்றாவதை எழுதி அடித்துவிட்டேன். அந்தச் சொல்லை என் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்ட மாட்டேன்.

எர்மினியாவும் திரையைப் பார்த்துவிட்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"கல்லுன்னா இன்னும் எதுக்கு உங்களைக் கூப்பிடுறாங்க, கொமாத்ரே?"

 மற்றவர்கள் வேறெதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். எர்மினியா கையை நீட்டினாள்.

"சரி, குடிச்சிட்டுக் கொடுங்க. அடுத்து அதே குழல்ல என் முறை."

போன் இன்னும் அடிக்கிறது. குழல் உதட்டைத் தொடவில்லை. என் பேனா இங்கே நின்றுவிட்டது. உங்களில் யாருக்காவது பெயரில்லாத வலி இருந்தால், கோப்பை இப்போது உங்கள் கையில்தான், கண்ணுகளா.